மண்ணா, வானிலையா, வித்தா? இலங்கைப் பயிர்களை முன்வைத்து ஒரு மீளாய்வு

ஒரு செடி ஓரிடத்தில் செழிப்பதும் வேறோரிடத்தில் நலிவதும் ஏன்? இலங்கையில் இந்தக் கேள்விக்கு எழுத்துமூலம் விடை தேடத் தொடங்கி ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கக்காலத் தேடல்களில் முக்கியமான ஒன்று நடந்த நிலம் கொழும்பு நகருக்குள்ளேயே இருக்கிறது. மருதானையிலும், அதற்குத் தெற்கே கறுவாத்தோட்டம் என்று இன்றும் வழங்கும் பகுதியிலும், ஒல்லாந்தர் காலத்தில் கறுவா பயிரிடப்பட்டது. அந்த வெண்மணலில் அவ்வளவு மணமுள்ள பட்டை எப்படி விளைந்தது என்று அன்றைய அறிஞர்கள் வியந்தார்கள். பின்பு கோப்பி, தேயிலை, நெல், தென்னை என்று பயிருக்குப் பயிர் அதே கேள்வி புது வடிவில் எழுந்தது.

இதுவரை சொல்லப்பட்ட விடைகளை நான்கு நிலைப்பாடுகளாகத் தொகுக்கலாம். மண்ணே அடிப்படை என்பது ஒன்று. உயரமும் வானிலையும்தான் எல்லை வகுக்கின்றன என்பது இரண்டாவது. பகலின் நீளம் செடிக்குக் காலம் காட்டுகிறது என்பது மூன்றாவது. சூழல் எதுவானாலும் வித்தில் உள்ளதுதான் வெளிப்படும் என்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் வலுவான சான்று உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் தடுமாறவும் செய்கிறது. இக்கட்டுரை அவற்றின் தோற்றத்தையும் பலவீனங்களையும் வரிசையாகப் பார்க்கிறது. எந்தக் காரணி பெரிது என்ற வழக்கைவிட, அது செடியின் எந்தப் பருவத்தில் வந்து சேர்கிறது என்ற கேள்வியே கூடுதல் பயன் தரும் என்பது இந்த மீளாய்வு வந்தடையும் முடிவு.

காட்டுக் கறுவாவும் தோட்டக் கறுவாவும்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒல்லாந்தக் கம்பனி கறுவாவைப் பெரும்பாலும் காடுகளிலிருந்தே பெற்றது. தானாக முளைத்த மரத்தின் பட்டைக்குத்தான் மணம் இருக்கும், நட்டு வளர்த்தால் தரம் கெடும் என்ற கருத்து அப்போது பரவலாக இருந்தது. 1765 முதல் 1785 வரை ஆளுநராக இருந்த இமான் வில்லெம் ஃபால்க் காலத்தில் அது சோதனைக்கு உள்ளானது. 1777இல் இலங்கைக்கு வந்த சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பேர்க் இதைப் பற்றி ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். ஆளுநர் தம் தோட்டத்தில் ஊன்றிய கறுவா விதைகள் முளைத்தும் வாடிப்போயின. விசாரித்ததில், காட்டுக் கறுவாவை நம்பிப் பிழைத்த ஒருவர் இரவில் நாற்றுகள்மேல் வெந்நீர் தெளித்தது தெரியவந்ததாம்.

செய்தியின் விவரங்கள் எவ்வளவு துல்லியமோ தெரியாது; ஆனால் அது உணர்த்தும் எச்சரிக்கை இன்றும் பொருந்தும். ஒரு பயிர் தோற்றதைக் கண்டதும் மண்ணையோ வானத்தையோ குற்றம் சொல்வது எளிது. காரணத்தைத் தனியே பிரித்துக் காட்டாதவரை அது ஊகமே. மருதானைத் தோட்டங்கள் பின்னர் செழித்தபோது காடு மட்டுமே மணம் தரும் என்ற கருத்து விழுந்தது. அதன் இடத்தில் மண் பற்றிய கேள்வி எழுந்தது.

வெண்மணலின் புதிர்

பிரித்தானியப் படை மருத்துவர் ஜோன் டேவி 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தார். வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பி அவர். 1821இல் வெளியான தம் நூலில், கொழும்புக் கறுவாத்தோட்டத்து மண்ணைப் பகுத்துப் பார்த்த முடிவைத் தந்திருக்கிறார். மேற்பரப்பு பல இடங்களில் பனிபோல் வெண்மை. சில அங்குலங்களுக்குக் கீழே, வேர் ஓடும் ஆழத்தில், சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் நிற மண்ணிலும் 98 சதவீதத்துக்கு மேல் வெறும் படிக மணல்தான். தாவர மக்கு மிகச் சொற்பம்.

அன்றைய ஐரோப்பாவில் மக்கே செடியின் உணவு என்ற கொள்கை செல்வாக்கோடு இருந்தது. ஜெர்மானியரான தேயர் அதன் பெயர்பெற்ற ஆதரவாளர். கறுவாத்தோட்டத்து மணல் அந்தக் கொள்கைக்கு இணங்கவில்லை. 1820களில் ஸ்பிரெங்கலும் 1840இல் லீபிக்கும் முன்வைத்த கனிம ஊட்டக் கொள்கை மேலான விளக்கம் தந்தது: செடிக்கு வேண்டியவை சில கனிமங்கள், அவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே வளர்ச்சியின் எல்லையைக் குறிக்கும். நைதரசனும் பொசுபரசும் பொற்றாசியமும் இன்று உரமூட்டைகளில் வருவதற்கு அடிப்படை இந்தச் சிந்தனைதான்.

ஆனால் கறுவா லீபிக்குக்கும் முழுமையாகக் கட்டுப்படவில்லை. வளமான, இறுக்கமான மண்ணில் கறுவாக் கிளைகள் விரைந்து பருக்கின்றன. பட்டையோ தடித்து, நயம் குறைந்து போகிறது. நீர்கொழும்பு முதல் கொழும்பு வரையிலான மணலில் வளர்ச்சி மெதுவாக இருந்தாலும் பட்டை மெலிந்து மணக்கிறது. இது வாணிகத்தில் நெடுங்காலமாக நிலைத்த கருத்து. இங்கே ஒரு வேறுபாடு தெளிவாகிறது. வளர்ச்சி வேறு, தரம் வேறு. ஒன்றுக்கு உகந்த சூழல் மற்றதற்கு உகந்ததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஊட்டம் தட்டுப்படும்போது செடி தன்னிடம் மிஞ்சும் காபனை மணப்பொருள்களாகவும் காப்புப்பொருள்களாகவும் மாற்றுகிறது என்று 1980களில் ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது. அது கறுவாவுக்குப் பொருந்துவதுபோல் தோன்றினாலும், பல செடிகளில் எதிர்பார்த்த விளைவைத் தராததால் கடும் விமரிசனத்துக்கு உள்ளானது. மேலும் மணல் என்றால் ஊட்டக்குறைவு மட்டுமல்ல. நீர் விரைந்து வடியும், வேருக்குக் காற்றும் தாராளமாகக் கிடைக்கும். கிளையின் வயதும் உரிப்பவரின் கைத்திறனும் பட்டையின் தரத்தை மாற்றுகின்றன. இவற்றுள் மணலுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது இன்னும் பிரித்து அறியப்படவில்லை.

மண் நிலைப்பாட்டின் வலுவை நாடு முழுவதும் உணர்ந்த காலம் 2021. அந்த ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. தேயிலையும் அடிவாங்கியது. நைதரசன் தட்டுப்பட்டால் நவீன நெல்லினங்கள் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. எனினும் இதை ஓர் ஒழுங்கான சோதனையாகக் கொள்ள முடியாது. களைகொல்லித் தட்டுப்பாடும் விதைப்பு நிலத்தின் குறைவும் கூடவே நடந்தன. சேதனப் பசளை தகுதியற்றது என்று அந்த ஒரு போகத்தை வைத்து முடிவுகட்டுவதும் தவறு; ஆயத்தமின்றி ஒரே போகத்தில் மாற முடியாது என்பதையே அது திடமாகக் காட்டியது.

இடம் தேடி மலையேறிய தோட்டங்கள்

அலெக்சாந்தர் ஹம்போல்ட் 1807இல் வெளியிட்ட தாவரப் புவியியல் கட்டுரை, மலையின் உயரத்துக்கேற்பத் தாவரங்கள் அடுக்கடுக்காக மாறுவதை விளக்கியது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறு, ஆறரை பாகை செல்சியஸ் குறையும். இந்தச் சிந்தனையின் தடத்தை இலங்கைத் தாவரவியல் தோட்டங்களின் இடமாற்றத்திலேயே காணலாம். 1810இல் கொழும்புக் கொம்பனித்தெருவில் தொடங்கிய தோட்டம் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டு 1813இல் களுத்துறைக்குப் போனது. 1821இல் பேராதனைக்கு ஏறியது. கொயினா மரத்துக்குக் குளிர் வேண்டுமென்று 1861இல் ஹக்கலவில் ஒரு தோட்டம் அமைந்தது. இறப்பருக்கு வெப்பமும் ஈரமும் வேண்டுமென்று 1876இல் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடவில் இன்னொன்று உருவானது. ஒரே தீவுக்குள் அரசு ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வோர் உயரத்தைத் தேடியது.

தேயிலையில் இந்த நிலைப்பாடு சந்தை வரை ஊறிவிட்டது. 600 மீற்றருக்குக் கீழ் விளைவது தாழ்நிலத் தேயிலை, 1,200 மீற்றருக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை, இடைப்பட்டது மத்தியநிலத் தேயிலை என்ற பகுப்பு கொழும்புத் தேயிலை ஏலத்தில் அன்றாட வழக்கு. குளிரில் கொழுந்து மெதுவாக விரிகிறது, அதனால் சுவை கூடுகிறது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கொழுந்து விளைச்சலுக்கு உகந்த வெப்பநிலை 22 பாகை செல்சியசை ஒட்டியது என்றும், அதற்கு மேல் விளைச்சல் சரியத் தொடங்குகிறது என்றும் இலங்கைத் தேயிலை ஆய்வுகள் மதிப்பிட்டிருக்கின்றன.

உயரம் மட்டுமே விடையாக இருந்தால், ஒரே தோட்டத்துத் தேயிலை ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் இருக்கவேண்டும். அப்படி இருப்பதில்லை. ஊவாவின் புகழ்பெற்ற தேயிலை யூலை முதல் செப்டெம்பர் வரையான சில வாரங்களில்தான் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து, வறண்ட கச்சான் காற்றாக ஊவாவில் இறங்கும் காலம் அது. மேற்குச் சரிவில் உள்ள திம்புள்ளவுக்கு நற்காலம் சனவரி முதல் மார்ச் வரை. மலையின் இருபுறமும் உயரம் ஏறத்தாழ ஒன்றுதான். காற்று திரும்பும் மாதங்களே வேறு.

பகலில் வறட்சியும் இரவில் குளிரும் கொழுந்தைத் தாக்கும்போது மணச்சேர்மங்கள் பெருகுகின்றன என்பது ஏற்கத்தக்க விளக்கம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதே வறண்ட காற்று தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டுகள்மீதும் வீசுகிறது. பறித்த பின் நடக்கும் மாற்றத்தையும் அது பாதிக்கிறது. செடியில் விளைந்த மணம் எவ்வளவு, வாட்டலில் கூடிய மணம் எவ்வளவு என்ற கணக்கு எளிதில் தீர்வதில்லை.

கோப்பி தந்த பாடம்

வானிலை நிலைப்பாட்டுக்கு விழுந்த பெரிய அடி கோப்பியிலிருந்து வந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பது கவனிக்கப்பட்டது. அதே ஆண்டில் அதற்குக் காரணமான பங்கசு இங்கிலாந்தில் விவரிக்கப்பட்டுப் பெயரும் பெற்றது. ஆயினும் தோட்டத்துரைமாரில் பலர், மழை பிசகியது, மண் களைத்தது, உரம் போதவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோய் தீவு முழுவதும் பரவிய நிலையில், 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்.

அவருடைய முறை எளிமையானது. பசைதடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வந்து ஒட்டும் வித்திகளைக் கண்டார். நலமான இலைமீது வித்தியை ஈரத்தோடு வைத்து, அது முளைத்து இலைக்குள் புகுவதைப் பின்தொடர்ந்தார். இந்தத் துருநோய்க்குக் காரணம் ஓர் உயிரி, களைத்த மண்ணோ கெட்ட வானமோ அல்ல என்று 1882க்குள் நிறுவினார். மலை முழுவதும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதால் வித்திகள் தோட்டம் விட்டுத் தோட்டம் தடையின்றிப் போயின என்றும் சுட்டினார்.

அதனால் சூழல் ஒதுங்கிவிட்டதா என்றால், இல்லை. வித்தி முளைக்க இலைமீது நீர்ப்படலம் சில மணி நேரமாவது நிற்கவேண்டும். பருவக்காற்று வித்தியைச் சுமக்கிறது. மழை அதற்கு ஈரம் தருகிறது. நோய் என்பது செடி, நோயுயிரி, சூழல் ஆகிய மூன்றும் ஒருசேர அமையும்போது நிகழ்வது என்ற பிற்காலக் கருத்துக்கு இலங்கைக் கோப்பி நல்ல எடுத்துக்காட்டு. கோப்பியின் வீழ்ச்சியை முழுவதும் துருநோயின் கணக்கில் எழுதுவதும் பொருந்தாது. பிரேசில் போட்டியும் விலைவீழ்ச்சியும் 1884இல் ஓரியண்டல் வங்கி சரிந்ததும் அதில் பங்குகொண்டன.

பகலின் நீளம்

1920இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்னரும் அலாடும் புகையிலையையும் சோயாவையும் கொண்டு, செடி பூப்பதைப் பகலின் நீளம் ஆள்கிறது என்று காட்டினார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இது பொருட்படுத்தத்தக்கதா என்ற ஐயம் இயல்பானது. கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ முக்கால் மணி நேரமே வேறுபாடு. யாழ்ப்பாணத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

நெல் அந்த ஐயத்தைத் தீர்த்தது. மலாக்காவில் ஆண்டு முழுவதுக்கும் பகல்நீள வேறுபாடு 14 நிமிடம் மட்டுமே. அங்கே ‘சியாம் 29’ என்ற நெல்லை எந்த மாதத்தில் விதைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது பூக்கும் காலம் பல மாதங்கள் மாறுபட்டதை 1959இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. இலங்கையின் பழைய மாவீ போன்ற நீண்டகால நெல்லினங்கள் பெரும்போகத்துக்கே உரியனவாக இருந்ததற்கும் இதுவே காரணம். பகல் குறுகும்போது அவை கதிர்தள்ளும். சிறுபோகத்தில் விதைத்தால் காலம் தவறும். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய புதிய இனங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டவை. ‘பி.ஜி. 300’ மூன்று மாதத்திலும் ‘பி.ஜி. 352’ மூன்றரை மாதத்திலும் எந்தப் போகத்திலும் விளைகின்றன. குளத்து நீரின் அளவுக்கு ஏற்ப இனத்தைத் தெரிவுசெய்ய இது கமக்காரருக்கு வழி திறந்தது.

இழப்பும் ஒன்று உண்டு. பகல்நீளத்தைக் கணக்கிடும் செடி, விதைப்பு முந்தினாலும் பிந்தினாலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்துவிடும். மழை எப்போது தொடங்கும் என்று தெரியாத மானாவாரி நிலத்தில் அது ஒரு காப்பு. நாட்களை மட்டும் எண்ணும் செடிக்கு அந்தக் காப்பு இல்லை.

வித்தின் பங்கு

சூழல் செடியின் இயல்பையே மாற்றிவிடுமா? பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பொன்னியே தாழ்நிலச் செடிகளை ஆல்ப்ஸ் மலையில் நட்டு, அவை மலைச்செடிகளாகவே மாறிவிட்டதாக அறிவித்தார். சுவீடனில் தூரேசன் 1922இல் இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார்: ஒரே இனத்துக்குள் ஒவ்வோரிடத்துக்கும் பொருந்திய, மரபால் வேறான கிளைகள் உள்ளன. கலிபோர்னியாவில் கிளோசன், கெக், ஹைசி மூவரும் கடல்மட்டத்துக்கு அருகிலும் இடைமலையிலும் 3,000 மீற்றர் உயரத்திலும் ஒரே செடியின் கிளைகளைப் பிரித்து நட்டு, 1940இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உருவம் சூழலுக்கேற்ப மாறியது, மரபு மாறவில்லை. பொன்னியேயின் முடிவை அவர்களால் உறுதிப்படுத்த முடியவில்லை.

இதன்பின் கேள்வி நுட்பமானது. ஒவ்வொரு மரபும் சூழல் மாற்றத்துக்குத் தனக்கே உரிய எதிர்வினை காட்டுகிறது. ஆகவே நல்ல இனம் எது என்று கேட்பதோடு, எந்த இடத்துக்கு நல்ல இனம் என்றும் கேட்கவேண்டும். இலங்கை 2003இல் 46 விவசாயச் சூழல் பிரதேசங்களாக வகுக்கப்பட்டதன் பின்னணி இதுவே. இந்த நிலைப்பாட்டின் பலவீனம், பிரதேசத்தை நீண்டகாலச் சராசரி மழையாலும் உயரத்தாலும் மண்ணாலும் வரையறுப்பது. செடி சராசரியில் வாழ்வதில்லை. குறிப்பிட்ட ஒரு வாரத்தின் மழையிலும் ஒரு மணி நேரத்தின் வெயிலிலும் வாழ்கிறது.

எப்போது என்ற கேள்வி

ஒரு காரணி எந்தப் பருவத்தில் வருகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதைத் தென்னை தெளிவாகக் காட்டுகிறது. பாளை வெடித்ததிலிருந்து தேங்காய் முற்ற ஏறத்தாழ பதினொன்று, பன்னிரண்டு மாதம் ஆகும். மரத்தில் ஒரே வேளையில் பிஞ்சும் குரும்பையும் முற்றிய காயும் வெவ்வேறு குலைகளில் நிற்கின்றன. ஒரு வறட்சி எல்லாக் குலைகளையும் ஒரேபோல் தாக்குவதில்லை. பாளை வெடித்த அடுத்த மாதங்களில் உள்ள குலையில் குரும்பை உதிரும்; முற்றிய குலை பெரும்பாலும் தப்பும். ஆகவே இந்த ஆண்டு வறட்சியின் விலையைச் சந்தையில் அடுத்த ஆண்டு கொடுக்கிறோம். முந்திய ஆண்டின் தொடக்க மாத மழையைக் கொண்டு நாட்டின் தேங்காய் விளைச்சலை முன்கணிக்கும் முயற்சிகள் இந்த அடிப்படையில்தான் எழுந்தன.

நெல்லில் கால அளவு இன்னும் சுருங்குகிறது. நெற்பூ முற்பகலில் சிறிது நேரமே திறந்திருக்கும். அந்நேரத்தில் 35 பாகை செல்சியசுக்கு மேல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வெப்பம் நின்றால், மகரந்தம் சரியாகச் சிந்தாமல் மணி பதராகிறது. அதே வெப்பம் ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் பயிர் பெரும்பாலும் தாங்கியிருக்கும். அதிகாலையிலேயே பூத்து முடிக்கும் இயல்பைக் காட்டுநெல்லிலிருந்து பயிர்நெல்லுக்குக் கொண்டுவரும் முயற்சி இந்த அறிவின் நேரடிப் பயன்.

இரவு வெப்பம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பதிவுகளைக் கொண்டு, வறட்காலத்தில் இரவின் தாழ்வெப்பநிலை ஒரு பாகை கூடினால் விளைச்சல் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது என்று 2004இல் ஓர் ஆய்வு சொன்னது. வெப்பமான இரவுகளோடு சூரிய ஒளி குறைந்த பகல்களும் சேர்ந்தே வந்தன, ஆகவே முழுப் பழியையும் இரவின்மேல் போடமுடியாது என்று பின்னர் மறுப்பு எழுந்தது.

திறந்திருக்கும் கேள்விகள்

1958இல் ஹவாயில் தொடர் அளவீடு தொடங்கியபோது பத்து இலட்சத்தில் 315 பங்கு அளவில் இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நெல் போன்ற பயிர்களில் இது ஒளித்தொகுப்பைக் கூட்டும். பத்தலகொடவில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூடங்களுக்குள் நடத்திய சோதனைகளிலும் விளைச்சல் கணிசமாக உயர்ந்தது. ஆனால் திறந்த வயலில் கிடைக்கும் ஆதாயம் கூடங்களில் கிடைப்பதைவிடக் குறைவு என்று பிறநாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. தானியத்தில் இரும்பும் துத்தநாகமும் குறைவதாகவும் சான்று உள்ளது. வெப்பமும் வறட்சியும் இந்தக் காற்று மாற்றமும் ஒன்றாக வரும்போது நிகர விளைவு என்ன என்பது உறுதியாகத் தெரியவில்லை. தனித்தனிச் சோதனைகளின் முடிவைக் கூட்டினால் அது கிடைத்துவிடும் என்று நம்பவும் இடமில்லை.

நான்கு நிலைப்பாடுகளில் எதுவும் முற்றாகத் தள்ளத்தக்கதல்ல. மண் வளர்ச்சியின் எல்லையையும், உயரம் பயிரின் இருப்பிடத்தையும், பகல்நீளம் பூக்கும் காலத்தையும், வித்து எதிர்வினையின் வீச்சையும் வகுக்கின்றன. தம் காரணி எல்லாப் பருவத்திலும் ஒரே எடையோடு இயங்குவதாகக் கொண்டபோதே அவை தடுமாறின. கச்சான் காற்றின் வாரங்களும், இலையில் நீர் நிற்கும் மணிகளும், குரும்பை பிடிக்கும் மாதங்களும் அந்த எடை மாறிக்கொண்டே இருப்பதைக் காட்டுகின்றன. இந்த முடிவையும் எல்லை அறிந்தே சொல்லவேண்டும். கறுவாவின் மணத்தைப் போலப் பல ஆண்டுகளில் சேரும் இயல்புகளுக்குப் பருவ விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பது இன்னும் காட்டப்படவில்லை.

காட்டப்பட வேண்டுமானால் நீண்டகாலப் பதிவுகள் வேண்டும். லுணுவிலவின் தென்னைக் குலைக்கணக்கும், தலவாக்கலையின் தேயிலைக் கொழுந்துக் கணக்கும், பத்தலகொடவின் நெல் பூக்கும் நாட்களும் நாளாந்த வானிலைப் பதிவோடு இணைத்துப் பேணப்படவேண்டும். அவை கமக்காரருக்கும் மாணவருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் எட்டவேண்டும். பருவமழை தவறும் ஆண்டுகளில் எதை விதைப்பது, எப்போது விதைப்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பு அவர்களுடையது. அந்த முடிவுக்கு மாதச் சராசரிகள் போதாது என்பதையாவது இதுவரையிலான ஆய்வுகள் ஐயமின்றிக் காட்டியிருக்கின்றன.